இரண்டு சம்பளம், ஓர் அடுப்பு



தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களும், தோட்டத்தை விட்டுப் பக்கத்துத் தாமானில் வீடு வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் மோட்டார் ஏறி மறுபடியும் அதே தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் இந்தப் பேச்சைக் கேட்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேசுகிறேன். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. பொருளாதாரம் படித்தவள் அல்ல. கணவனும் மனைவியும் சம்பாதிக்கிற வீட்டில் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதில் நானே ஒரு முறை தவறிப் போனவள் என்பதால் பேசச் சம்மதித்தேன். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் என் வகுப்பறைக்கு வாருங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விகிதக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மாம்பழத்தையும் கோலிக்குண்டையும் பங்கு போடச் சொன்னால் பிற்பகல் நேரத்தில் பாதிப் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஆகவே ஒரு வெள்ளைத் தாளை நடுவில் கோடு கிழித்துக் கொடுத்து, "இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. வீட்டில் யார் எந்தச் செலவைச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்" என்று சொன்னேன். மறுநாள் ஒரு பையன் கொண்டுவந்த தாளை நான் இன்னும் மறக்கவில்லை. அப்பா என்ற பக்கத்தில் மூன்றே வரி: மோட்டார் தவணை, லைட்டு பில், ஆஸ்ட்ரோ. அம்மா என்ற பக்கம் அரிசியில் தொடங்கி, மீன், காய்கறி, கேஸ், பள்ளி வேன், சட்டை, சப்பாத்து, மருந்து, கோயில் வரி, தம்பிக்குப் பால்மாவு என்று தாளின் அடிவரை போய், திருப்பிப் பின்பக்கமும் ஓடியது. கடைசியில், "இடம் போதவில்லை டீச்சர்" என்று எழுதியிருந்தான்.

தேர்ச்சி அறிக்கை வாங்கும் நாளில் பெற்றோர் இருவரும் வந்தார்கள். தந்தை செம்பனையில் குலை வெட்டுகிறவர். தாய் உரம் போடுகிற பிரிவில் வேலை செய்கிறவர். தந்தை சிரித்துக்கொண்டேதான் பேசினார். ஆனால் முகம் சிவந்திருந்தது. "என்ன டீச்சர், என் மானத்தைக் காத்துல பறக்க விட்டுட்டான். மாசாமாசம் இவகிட்ட முந்நூறு வெள்ளி கையில கொடுக்கறேன், அதை எழுதலையே!" என்றார்.

அந்த அம்மாள் மெதுவாக, "அவன் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

நான் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தேன். தொகைகளைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். யார் வீடு என்று யாருக்கும் தெரிய வேண்டாம். சேமநிதியும் சொக்சோவும் பிடித்ததுபோகத் தந்தையின் கைக்கு வருவது 2,250 வெள்ளி. தாயின் கைக்கு வருவது 1,500 வெள்ளி. வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 2,100 வெள்ளி. இதில் தந்தை தவணை, லைட்டு பில், ஆஸ்ட்ரோவுக்காக 500 வெள்ளியும், மனைவி கையில் 300 வெள்ளியும் ஆக 800 வெள்ளி கொடுக்கிறார். மீதி 1,300 வெள்ளி தாயின் சம்பளத்திலிருந்து போகிறது. முடிவில் அவர் கையில் 1,450 வெள்ளி இருக்கிறது. இந்த அம்மாள் கையில் இருப்பதோ 200 வெள்ளி. இருபதாம் தேதிக்கு மேல் ஒரு செலவு வந்தால் கடைப்புத்தகத்தில் எழுதி வாங்குகிறார். கடனுக்கு வாங்கும்போது விலை கூட என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல.

அந்தத் தந்தை குடிகாரர் அல்லர், சூதாடுகிறவரும் அல்லர். நல்ல மனிதர். அவருக்கு அந்த நாள்வரை கணக்கே தெரியாது, அவ்வளவுதான். தாம் மோட்டார் தவணை கட்டுகிறோம், கையிலும் பணம் கொடுக்கிறோம், ஆகவே குடும்பத்தைத் தாமே நடத்துகிறோம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தார். மனைவிக்குக் "கொடுக்கிறேன்" என்ற சொல்லை அவர் மூன்று முறை சொன்னதையும் நான் கவனித்தேன். அவர் சாப்பிடுகிற அரிசிக்கு அவர் போடுகிற பணம் கொடை ஆகுமா, நேயர்களே?

இந்தப் பழக்கம் ஒரு நாளில் வந்ததல்ல. நம் பாட்டன்மார் காலத்தில், 1930களில், ரப்பர்த் தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே பெரட்டில் நின்று, ஒரே காட்டுக்குப் போய், ஒரே வெயிலில் காய்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு. அதன் பிறகு சங்கங்கள் வந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்தது. காலம் மாறி, 2013இல் நம் நாட்டில் முதன்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தபோது, தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று வைத்தார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று வைக்கவில்லை. 2025 பிப்ரவரியிலிருந்து அது 1,700 வெள்ளி. சட்டம் சம்பளத்தைச் சமமாக்கியது. ஆனால் பெண்ணின் சம்பளம் அடுப்புக்கு, ஆணின் சம்பளம் அவன் இஷ்டத்துக்கு என்ற பழைய எண்ணம் மட்டும் லயத்தைவிட்டு நம்மோடு தாமானுக்கும் வந்து குடியேறிவிட்டது.

கெடாவில் நான் வளர்ந்த தோட்டத்தில் என் பாட்டி கடைசிவரை தம் சம்பளத்தைத் தாமே எண்ணிப் பார்த்ததில்லை. ஆபீஸ் வராந்தாவில் கிராணி பெயரைக் கூப்பிடும்போது தாத்தாதான் போய் இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்கி வருவாராம். பாட்டி ரேகை மட்டும் வைப்பார். இதைப் பாட்டி ஒரு குறையாகச் சொல்லவில்லை; மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

அதனால்தானோ என்னவோ, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை முடித்து வேலைக்கு வந்து, 2008இல் திருமணம் ஆனதும், முதல் மாதமே என் கணவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: "சமம்னா சமம். செலவுல ஆளுக்குப் பாதி." அவர் செம்பனை ஆலையில் பாய்லர் பகுதியில் வேலை செய்தார். சரி என்று தலையாட்டினார். அப்போது எங்கள் வீட்டுச் செலவு மாதம் 1,400 வெள்ளி. ஆளுக்கு 700. எவ்வளவு நேர்மையான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் இரவு, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று என் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டார். வட்டிக்குக் கொடுக்கிறவர். என் கணவர் அவரிடம் 2,000 வெள்ளி வாங்கி, வட்டியே கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அன்றிரவு பேசாத பேச்செல்லாம் பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "உன்கிட்ட என் பாதியைக் குறைக்காமக் கொடுக்கணும்னுதான் வாங்கினேன்."

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், என் வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க மூன்று வருடம் ஆனது. அந்தக் காலத்தில் என் கைக்கு வந்தது 2,100 வெள்ளி. அவர் கைக்கு வந்தது 1,050 வெள்ளி. இருவரும் 700 கொடுத்தபின் எனக்கு 1,400 மிஞ்சியது, அவருக்கு 350. அந்த 350இல்தான் அவருடைய அம்மாவுக்கு 150 அனுப்பினார், பெட்ரோல் போட்டார், சங்கச் சந்தா கட்டினார், நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதினார். ஒரு மாதம் மோட்டார் பழுதானால் போயிற்று. என் சம்பளம் அவருடையதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே செலவை மூன்று பங்காக்கி, இரண்டு பங்கை நானும் ஒரு பங்கை அவரும் ஏற்றிருக்க வேண்டும். நான் 933 வெள்ளி, அவர் 467 வெள்ளி. அப்படிச் செய்திருந்தால் அவர் கையில் 583 வெள்ளி நின்றிருக்கும். அந்த மனிதர் எங்கள் வாசலுக்கு வந்திருக்கமாட்டார்.

பாதிக்குப் பாதி என்பது காதுக்கு நியாயமாகக் கேட்கிறது. இருவர் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அது நியாயமும்கூட. ஆனால் ஒருவர் 20 கிலோ தூக்கக்கூடியவர், மற்றவர் 10 கிலோ தூக்கக்கூடியவர் என்றால், ஆளுக்கு 15 கிலோ என்று ஏற்றுவது சமம் ஆகாது.

இப்போது அந்தப் பையன் வீட்டுக் கணக்குக்குத் திரும்புவோம். தந்தைக்கு 2,250, தாய்க்கு 1,500. இது மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். செலவு 2,100 வெள்ளியை ஐந்து பங்காக்கினால் ஒரு பங்கு 420 வெள்ளி. தந்தை மூன்று பங்கு, 1,260 வெள்ளி. தாய் இரண்டு பங்கு, 840 வெள்ளி. மிச்சம் தந்தைக்கு 990, தாய்க்கு 660. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம் மிஞ்சுகிறது. குறைவாகச் சம்பாதிப்பவரும் வெறுங்கையாக நிற்கவில்லை. கணக்கு வராதவர்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போட்டுக் கொடுக்கும். போடாவிட்டால் அவனுடைய ஆசிரியரிடம் வந்து கேளுங்கள்.

இந்த விகிதத்தை ஒரு முறை போட்டு வருடம் முழுக்க வைத்திருக்கக் கூடாது. தோட்டத்து வருமானம் ஒரே மட்டமாக வருவதல்ல. பால்மரத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்ந்தால் பால் குறையும். மழைக்காலத்தில் காலையில் மரம் நனைந்திருந்தால் வெட்டுக்குப் போக முடியாது. செம்பனையில் பழம் குவிகிற மாதமும் உண்டு, குலை தேடி அலைகிற மாதமும் உண்டு. ஆகவே மூன்று மாதச் சம்பளச் சீட்டைச் சேர்த்து, மூன்றால் வகுத்து, அந்தச் சராசரியில் விகிதம் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்துங்கள். மனைவி பிள்ளைப்பேற்றுக்குப் பின் நீண்ட விடுப்பில் இருந்தாலோ, கணவர் காலில் முள் குத்திப் படுத்திருந்தாலோ, அந்த மாதமே திருத்துங்கள்.

சரி, பணக் கணக்கு முடிந்தது. ஆனால் வீட்டுக் கணக்கு முடியவில்லை.

நான் சொன்ன அந்தத் தாய் காலை நான்கு மணிக்கு எழுகிறார். சோறு பொங்கி, குழம்பு வைத்து, நான்கு பேருக்குக் கட்டி, சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போகிறார். பிற்பகலில் திரும்பி வந்ததும் துணி, பாத்திரம், கூட்டல், இரவுச் சாப்பாடு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். தந்தை வந்ததும் குளித்து, தேநீர் குடித்து, சற்றுக் கண் அயர்கிறார். குலை வெட்டுவது உடம்பை முறிக்கிற வேலை. அவர் அயர்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உர வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிறவருக்கு மட்டும் உடம்பு இரும்பாலா செய்திருக்கிறது?

அந்த அம்மாளின் வீட்டு வேலையை எண்ணினோம். தோட்டத்து வேலை போக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஐந்து மணிக்கு 40 வெள்ளி 85 காசு. முப்பது நாளைக்கு 1,225 வெள்ளி 50 காசு. வீட்டு வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடையாது அல்லவா? அதனால்தான் முப்பது நாள் போட்டேன். அவருடைய தோட்டச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட இன்னொரு சம்பளம் இது. யாரும் கொடுக்காத சம்பளம்.

இதைக் கணவர் ரொக்கமாக எண்ணி வைக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவிக்குக் கூலி கொடுக்கிற வீடு, வீடாக இருக்காது. ஆனால் பங்கு போடும்போது இதை ஒன்றுமில்லாததாகத் தள்ளிவிடக் கூடாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, வேலையைப் பிரித்துக்கொள்வது. இல்லையென்றால், வேலையை அதிகம் செய்கிறவரின் பணப் பங்கைக் குறைப்பது. மூன்றுக்கு இரண்டு என்று விகிதம் வந்தால், வீட்டு வேலை முழுவதும் மனைவி தலையில்தான் என்றிருக்கும்போது, அதை நாலுக்கு ஒன்று என்று வைத்தாலும் தகும். எனக்குப் பிடித்தது முதல் வழிதான். என் வீட்டில் பாத்திரம் கழுவுவதும், துணி காயப்போடுவதும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் என் கணவருடையவை. நெத்திலி சம்பல் என்னைவிட அவர்தான் நன்றாகச் செய்கிறார். முதலில் அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவர்களே இப்போது கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சில் எனக்கு மிக முக்கியமானது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதோடு, எதற்குக் கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். செலவில் தின்று தீர்கிற செலவு ஒன்று. பொருளாக நிற்கிற செலவு இன்னொன்று. அரிசி, மீன், பள்ளி வேன், மருந்து எல்லாம் அந்த மாதத்தோடு போய்விடும். மோட்டார், வீடு, நிலம் எல்லாம் நிற்கும். நம் வீடுகளில் தின்று தீர்வதை மனைவியும், நிற்பதைக் கணவரும் ஏற்பது வழக்கமாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதல்ல. அப்படி அமைந்துவிடுகிறது.

என் தாயாரோடு ஒரே நிரையில் மரம் வெட்டிய அம்மாள் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் பெரியம்மா என்போம். 1990களில் அந்தத் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. எல்லோரும் லயத்தைக் காலி செய்யவேண்டி வந்தது. பெரியம்மாவின் கணவர் தாமானில் ஒரு மலிவு விலை வீடு வாங்கினார். தவணையை அவர் கட்டினார். பத்திரம் அவர் பெயரில். சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, இரண்டு பெண்களின் கல்யாணம் எல்லாம் பெரியம்மா கணக்கு. இருபத்திரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை; அவர் விவாகரத்துக்குப் போய்விட்டார். வக்கீல், "இந்த வீட்டுக்கு நீங்கள் பணம் போட்டதற்கு ரசீது இருக்கிறதா?" என்று கேட்டபோது, பெரியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தது என்ன தெரியுமா? மளிகைக் கடைப் புத்தகங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருட அரிசியும் பருப்பும் அதில் இருந்தன.

நேயர்களே, சட்டம் அவ்வளவு குருடானது அல்ல. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. மணவிலக்கின்போது சொத்தைப் பிரிக்கையில், வீட்டைப் பார்த்துக்கொண்டு குடும்பத்தைப் பேணியவரின் உழைப்பையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டும் என்று அதில் இருக்கிறது. பெரியம்மாவுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. ஆனால் இரண்டு வருடம் நடந்து, செருப்பும் தேய்ந்து, கண்ணீரும் வற்றிய பிறகு கிடைத்தது. வீடு வாங்கிய அன்றே இரண்டு பெயரையும் போட்டிருந்தால் அந்த நடை நடந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, அரிசி யாருடையது, தவணை யாருடையது என்று பிரிக்காதீர்கள். இருவரும் தத்தம் பங்கை ஒரு பொதுப் பணத்தில் போடுங்கள். அது வங்கிக் கணக்காக இருக்கட்டும், பிஸ்கட் டின்னாக இருக்கட்டும். அதிலிருந்து அரிசியும் வாங்குங்கள், வீட்டுத் தவணையும் கட்டுங்கள். அப்போது இரண்டிலும் இருவர் பணமும் இருக்கும். ரசீதைத் தூக்கிப்போடாமல் ஒரு கவரில் வையுங்கள். வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது இருவரும் போய்ப் போடுங்கள். தோட்டத்து வீடு நிர்வாகத்தின் வீடு. வேலை முடிந்ததும் விட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே இது எங்களுக்கு இல்லை என்று யாரும் இருந்துவிட முடியாது.

சட்டத்தைப் பற்றிப் பேசியதால் இன்னும் ஒரு சொல். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, தேசியப் பதிவிலாகாவுக்குப் போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்திரம் இல்லாவிட்டால், நாளை ஒருவர் இல்லாமல் போகும்போது, சொக்சோ வாசலில் நான்தான் மனைவி என்று நிரூபிக்க மற்றவர் அலைய நேரும். அதேபோல் சேமநிதியில் யார் பெயரை வாரிசாக எழுதியிருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். பதினெட்டு வயதில் அம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதுவரை அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

மனைவி வெளி வேலைக்குப் போகாத வீடுகளைப் பற்றியும் கேட்பீர்கள். அங்கே பணப் பங்கு கணவருடையது. வேலைப் பங்கு மனைவியுடையது. ஆனால் அவருக்கும் ஒரு சேமிப்பு இருக்க வேண்டும். அதை வீட்டுச் செலவிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். 2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவில் ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு 120 வெள்ளி. மாதம் பத்து வெள்ளி. வீட்டு வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தாலும், உடல் முடங்கினாலும் அதில் உதவி உண்டு. வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறவர், தையல் தைக்கிறவர் ஆகியோர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்திலும் சேரலாம். நாம் போடுவதற்குமேல் அரசாங்கமும் ஒரு தொகை சேர்க்கிறது. கூட்டுக் கட்டிச் சேர்க்கிற சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை: கூட்டை ஒரு தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பணத்தோடு ஆள் மறைந்தால், அதை மீட்பது எளிதல்ல.

மிச்சப் பணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பங்கைப் போட்டபின் அவரவர் கையில் நிற்பது அவரவருடையது. அதை எதற்குச் செலவழித்தாய் என்று மற்றவர் கேட்கக் கூடாது. அவர் நான்கு எண் வாங்கினால் அந்தப் பணத்தில்தான் வாங்கவேண்டும். பொது டின்னில் கை வைக்கக் கூடாது. மனைவி வளையல் வாங்கினாலும் அப்படியே. மாமியாருக்கு அனுப்புவது, தாய்வீட்டுக்கு அனுப்புவது பற்றித்தான் சண்டை அதிகம் வருகிறது. என் அபிப்பிராயத்தில், இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் ஒரே தொகை என்று ஒப்புக்கொண்டு பொதுப் பணத்திலிருந்து அனுப்பிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அப்படித்தான். ஒளித்து அனுப்புகிற 50 வெள்ளி, சொல்லி அனுப்புகிற 100 வெள்ளியைவிட அதிகமாகக் கசக்கும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மாதாமாதம் சிறிது எடுத்து வைப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எப்போது பேசுவது? சம்பள நாளன்று பேசாதீர்கள். அன்று இருவருக்கும் கை பரபரக்கும். மாதக் கடைசியில் பேசினால் வயிறு எரியும். சம்பளத்துக்கு நான்கைந்து நாள் முன்னால், பிள்ளைகள் தூங்கியபின், ஒரு நோட்டுப்புத்தகமும் பென்சிலுமாக உட்காருங்கள். பேனா வேண்டாம், அழிக்க வேண்டி வரும். முதல் மாதம் சண்டை வரத்தான் செய்யும். எங்களுக்கு இரண்டு மாதம் வந்தது.

அந்தப் பையனின் பெற்றோர் மூன்று மாதம் கழித்துப் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வந்திருந்தார்கள். தந்தை என்னைக் கண்டதும், "நல்ல வேலை பார்த்தீங்க டீச்சர். இப்ப எல்லாம் என் கையில காசே நிக்கறதில்ல" என்றார். உண்மைதான். மாதம் 460 வெள்ளி கூடுதலாக டின்னில் போடுகிறாரே!

பக்கத்தில் நின்ற அம்மாள், "கடைப்புத்தகத்துல இந்த மாசம் பாக்கி ஒண்ணும் இல்லீங்க, டீச்சர். அதையும் சொல்லுங்க" என்று கணவரைப் பார்த்தார்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஆமா, அது உண்மைதான்" என்றார். அதற்குள் பையனின் ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊதிவிட்டார்கள். மூவரும் கோட்டருகே ஓடினோம்.